ரெண்டு நாள் பார்வர்டு

ராத்திரி பதினொன்றே காலுக்கு
டென்மார்க்கிலிருந்து ஒரு மெயில்.
பதினெட்டாம் தேதிக் கண்டெய்னரை
ரெண்டு நாள் பார்வர்டு செய்திருக்கிறார்களாம்.
அவ்வளவுதான். கீழே அன்புடன், ஆனெட்.

பதினாறா, இருபதா?

"முன்னால தள்ளியிருக்காங்கல்ல, அப்ப இருபதுதான்"
போனில் முதலாளி பொங்கியண்ணன், பாதித் தூக்கத்தில்.
"முன்னாலன்னா முந்திங்க. பதினாறு"
கத்தியை நிறுத்தாமல் கட்டிங் சென்னியப்பன்.
இரண்டு பேர் வாயிலும் ஒரே சொல்.
நான் பன்னிரண்டாம் தேதியில் நிற்கிறேன்,
கரடி அச்சடித்த பதினாலாயிரம்
கைக்குழந்தைச் சட்டைகளோடு.
பட்டன் இன்னும் வந்து சேரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
வெள்ளிக்குள் சாம்பிள் அனுப்புவதாக எழுதப்போய்
'டில் பிரைடே' என்று எழுதிவிட்டேன்.
ஆனெட்டுக்கு முன்பிருந்தவள் கேட்டாள்:
அதுவரை தினமும் அனுப்பிக்கொண்டிருப்பாயா?
'பை' என்று போட்டிருக்க வேண்டுமாம்.
எனக்குத் தெரிந்த பை
சாம்பிளைப் போட்டு அனுப்புகிற பை.

அட் என்பார்கள், ஆன் என்பார்கள், இன் என்பார்கள்.
மேசைமேல் ஏறுவதுபோல்
திங்கள்கிழமைமேல் ஏறி உட்கார வேண்டும்.
பெட்டிக்குள் இறங்குவதுபோல் ஜூனுக்குள் இறங்க வேண்டும்.
ஆறரை மணிக்கோ இடமே கிடையாது,
ஒற்றைக் காலில் நிற்கலாம்.
நாங்கள் ஒரே ஒரு 'ல'வை வைத்துக்கொண்டு
திருப்பூர்ல, டேபிள்ல, ஆனியில,
போன நோம்பில, வெயில்ல என்று
எல்லாத் துணியையும் ஒரே ஊசியில் ஓட்டியவர்கள்.

சும்மா சொல்லக் கூடாது,
எங்கள் சொல்லும் லேசுப்பட்டதல்ல.
முன்னாள் என்றால் போய்விட்டது.
முன்னேற்றம் என்றால் இன்னும் வரவில்லை.
இரண்டுக்கும் அதே முன்.
பின்னாடி பார்த்துக்கலாம் என்று ஒதுக்கியதெல்லாம்
முதுகுப் பக்கம் குவிந்து கிடக்கிறது.
பல்லடம் பஸ்ஸில்
டிரைவருக்கு முதுகு கொடுத்த சீட்டில்
உட்கார்ந்து போகிறவள் நான்:
தாண்டி வந்த ஸ்டாப்பெல்லாம் கண்முன்னே விரிகிறது,
இறங்க வேண்டிய ஸ்டாப்
பிடரியில் வந்து தட்டுகிறது.

செக்கிங் டேபிளில் தில்ஷாத் சிரிக்கிறான்.
பீகார்க்காரன். அவன் பேச்சில்
நேற்றும் கல், நாளையும் கல்.
எப்படிப்பா கண்டுபிடிப்பீங்க என்றேன்.
"சம்பளம் கைக்கு வந்திருந்தா நேத்து, மேடம்.
வரலைன்னா நாளைக்கு."

மெயில் போட்டேன்:
பதினாறா, இருபதா, தேதியாகச் சொல்லவும்.
மூச்சு விடுவதற்குள் பதில்.
ஆனெட் அல்ல, ஆனெட்டின் பெட்டி பேசியது:
பதினெட்டு வரை விடுப்பில் இருக்கிறேன்.
வரை. அன்டில்.
பதினெட்டன்று சீட்டில் இருப்பாளா, மாட்டாளா?

மறுபடி பொங்கியண்ணன்.
"சித்த நேரத்துல கூப்பிடறனுங்க" என்றேன்.
சித்த நேரம் எத்தனை நிமிஷம் என்று
அவர் கேட்கவில்லை. சரி கண்ணு என்று வைத்துவிட்டார்.

துணி ரோல் ஏற்றிய தள்ளுவண்டி வழியை மறித்தது.
"அக்கட்டால தள்ளும்மா" என்றார் சென்னியப்பன்.
சேர்ந்து நாலு நாளான ஒடிசாப் பெண்
எக்கட்டால என்று கேட்கவில்லை.
அவர் தாடை திரும்பிய பக்கம் தள்ளினாள்.
சரியாக அங்கேதான் போக வேண்டியிருந்தது.

பொழுதோட வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய செட்
டீ கேட்டது. சொல்லி அனுப்பினேன்.
போர்டில் பதினாறு என்று எழுதினேன்,
சாக்பீஸை அழுத்தாமல்.

எழுதித் திரும்பும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.
தேதி பதிமூன்று.
யாரும் தள்ளவில்லை.