கோட்டுத் தூள்

பெட்டிக்குள் ஆறு பேர்.
சுண்டுவிரல் உயரம், சாம்பல் நிறப் பிளாஸ்டிக்.
ஏதோ ஒரு ஐரோப்பியக் குளிர்காலத்துக்காக
கணுக்கால்வரை மேல்கோட்டு,
காதை மூடிய தொப்பி,
கட்டைவிரல் மட்டும் தனித்து நிற்கும் கம்பளிக் கையுறை.

எனக்கு வேண்டியவர்கள் இவர்களில்லை.
அறுபத்திரண்டில், வடக்கே ஒரு மலைச்சரிவில்
பருத்திச் சட்டையோடும் கான்வாஸ் ஷூவோடும்
பனிக்குள் நின்றவர்கள் வேண்டும்.
அப்படி யாரும் வார்த்து விற்பதில்லை, தேடிவிட்டேன்.
குளிர்கால வீரன் என்று கேட்டால்
குளிருக்கு உடுத்தியவனைத்தான் தருகிறார்கள்.

ஆகவே அரம்.
அவிநாசி ரோட்டில் பல் கட்டும் செங்கோட்டுவேல்
தேய்ந்ததென்று ஒதுக்கிய ஊசிமுனைகளைக் கொடுத்தார்.
"கடவாய்ப்பல்லை விட இது மெதுவுங்க,
பார்த்து ஓட்டுங்க."

பகலில் எனக்கு செக்கிங் மேசை,
அனுப்பர்பாளையம் தாண்டி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில்.
இந்த மாசம் ஓடுவது நார்வேக்கு உள்ளாடை.
உள்பக்கம் சுரண்டிப் பஞ்சு எழுப்பிய துணி.
அக்குளில் தையல் விட்டிருக்கிறதா என்று
கையை உள்ளே விட்டுப் பார்க்கவேண்டும்.
சித்திரை வெயிலில்
முழங்கைவரை ஒரு நார்வே.
யார் யாருடைய குளிரிலோ ஓட்டை தேடிவிட்டு
ராத்திரி வந்து இவர்கள் கோட்டைச் சுரண்டுகிறேன்.

முதல் ஆளுக்குக் காலர் போயிற்று,
கழுத்து வந்தது.
இரண்டாமவன் கையுறையைத் தேய்த்தால்
உள்ளே விரல்கள் இல்லை.
இருக்காதென்று தெரியும், இருந்தும் தேடினேன்.
பிளேடு நுனியால் மூன்று கீறல்,
எம்-சீலில் உருட்டிய, எறும்புத்தலை அளவு கட்டைவிரல்.
ஒரு கைக்கு ஒரு ராத்திரி.
மூன்றாமவனிடம் அவசரப்பட்டேன்.
அரம் மார்புக்குள் போய்விட்டது.
கோட்டுக்குக் கீழே உடம்பு இருக்குமென்று
யார் சொன்னது,
இரண்டு பாதியை ஒட்டிய வெற்றிடம்.
கட்டிங் மேசைக்கடியில் பொறுக்கிய பனியன் துண்டைப்
பசையில் நனைத்துப் பொத்தலில் போர்த்தினேன்.
சிங்கிள் ஜெர்சி, இருப்பதிலேயே மெல்லிசு.
அவன் அளவுக்கு அது கோணிச்சாக்கு.

அடுத்து பனி.
எங்கள் ஊரில் பனி என்பது
பனியனின் முதல் இரண்டு எழுத்து.
நான் பார்த்ததில்லை.
மயில்சாமி பேக்கரியில் ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்து
குனிந்து நின்றேன்:
சுவரோரம் ஊசி ஊசியாக,
டப்பாக்களின் தலைமேல் மெத்தையாக,
இடுக்குகளில் மட்டும் லேசாக நீலம் பாரித்து.
"ஏனுங்க, எடுக்கறதுன்னா எடுத்துட்டு மூடுங்க,
கரண்டு பில்லு யாருங்க கட்டறது?"
பார்த்ததற்கு வரியாக
ஒரு குச்சி ஐஸ் தின்றுவிட்டு வந்தேன்.

சமையல் சோடா, வெள்ளைப் பசை, டீ வடிகட்டி.
தூவும்போது ஃபேன் கூடாது.
சன்னல் சாத்தி, சட்டையைக் கழற்றிப் போட்டு
மூச்சைப் பிடித்துத் தட்டுகிறேன்.
மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை
பனியில் விழுந்து குழித்தது.
அழிக்கப் போன கை நின்றது.
ஒரு காலடி மாதிரியே இருக்கிறது.
அடுத்த காலடிக்காக
அதே இடத்தில், கொஞ்சம் இடப்பக்கம்,
குனிந்தபடி காத்திருந்தேன்.

காலையில் கோகிலவாணி பெருக்கிக்கொண்டு வந்தாள்.
"இதென்னங்க மேசைக்கடியில, எறும்புப் பொடியா?"
"கோட்டு" என்றேன்.
முறத்தைச் சாய்த்துப் பார்த்தாள்.
"அஞ்சு பேர் கோட்டும் இத்தனூண்டுதானா?"
வாசலில் தட்டினாள்.
காற்றுக்கு அது
எதிர்வீட்டு ஸ்கூட்டர் சீட்டில் போய்ப் படிந்தது.

ஐந்து பேர் நிற்கிறார்கள்.
பசை காய்ந்துவிட்டது, சோடா மஞ்சளாக ஒரு வருஷம் ஆகும்.
ஆறாவது ஆள் இன்னும் பெட்டியில்,
பொத்தான் கழுத்துவரை போட்டபடி.
அரத்தைக் கையில் எடுத்தால்
காலை ஷிப்டு நினைவுக்கு வருகிறது.
நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடி வைக்கிறேன்.
போன வாரமும்
அதைத்தான் சொன்னேன்.