பெட்ரோல் முள்

ஐனோ என்று நோட்டில் எழுதினாள்.
நாடு: ஃபின்லாந்து.
பாஸ்போர்ட் நகல், முன்பணம் இரண்டாயிரம்.

டவுன்ஹால் ரோட்டுச் சந்தில் என் கடை.
கடை என்றால் ஆறு ஸ்கூட்டர், ஒரு மேசை,
மழை வந்தால் ஒரு தார்ப்பாய்.
எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவளிடமும் சொன்னேன்:
பெட்ரோல் முள்ளை நம்பாதே,
பாதி என்று காட்டிக்கொண்டே நின்றுவிடும்.
ஹாரனை நம்பு.

கோயிலுக்கா, என்று கேட்டேன்.
பார்த்தாயிற்று, பாறை பார்க்கப் போகிறேன் என்றாள்.
அவள் ஊரில் எங்கு திரும்பினாலும் ஏரியாம்,
பனி தேய்த்துத் தேய்த்துத் தரை தட்டையாகிவிட்டதாம்.
எழுந்து நிற்கிற கல்லை இங்கேதான் பார்க்கிறாளாம்.
என் அரைகுறை இங்கிலீஷுக்கு எட்டியது இவ்வளவு.

மூன்றாம் நாள் ராத்திரி
சாவியை மேசையில் வைத்தபோது
மூக்கு பழுத்த மிளகாயாக இருந்தது.
எட்டு மணிக்கு வர வேண்டியவள் ஒன்பதுக்கு வந்தாள்.
தாமதக் காசு இருநூறு, சிரித்துக்கொண்டே தந்தாள்.
பாண்டியனுக்கு இருபது நிமிடம் இருந்தது.
ஓடினாள்.

காலையில் ஹோஸைக் கையில் எடுத்து
வண்டியைச் சுற்றி வந்தேன்.
மட்கார்டுக்குள் செம்மண்,
அதன் மேல் ஒரு பூச்சு கண்மாய்ச் சேறு.
பிரேக் கம்பியில் நாயுருவி விதைகள்.
ஹெட்லைட் இடுக்கில் தும்பியின் ஒற்றை இறகு,
உடையாமல்.
மீட்டரில் நூற்றெண்பத்தேழு கிலோமீட்டர் கூடியிருந்தது.
சீட்டைத் தூக்கினால்
பாதி கடித்த கொய்யா, ரோஸ் வரி ஓடிய ஒரு கல்துண்டு,
நாலாக மடித்த காகிதம்.
அவள் கையால் போட்ட வரைபடம்.
எல்லாம் அவள் பாஷை,
ஒரு சொல் மட்டும் தமிழ்,
பஸ் போர்டைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும்,
புள்ளிகள் விட்டுப்போய்:
அரிடடாபடடி.

மேலூர்ப் பக்கம், இருபத்தைந்து கிலோமீட்டர்.
அந்த வழியில் ஒருமுறை கேதத்துக்குப் போயிருக்கிறேன்.
பஸ்ஸில் தூங்கிவிட்டேன்.

குழாயை மூடினேன்.
நோட்டைத் திறந்து எழுதினேன்: தவமணி.
நாடு என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
ஒரு கோடு போட்டேன்.
ஷட்டரை இறக்கினேன்.

மாட்டுத்தாவணி வரைக்கும் நான் கடைக்காரிதான்.
யார் வண்டி எப்படி ஓடுகிறது,
எவன் டயர் மொட்டை,
அதையே பார்த்துக்கொண்டு போனேன்.
ஒத்தக்கடையில் யானைமலை
ரோட்டுக்கே வந்து உட்கார்ந்திருந்தது.
அதற்கப்புறம் டயர்கள் கண்ணில் படவில்லை.

கார்த்திகை வெயில்.
கண்மாய் நிறைந்து கரை மட்டும் மிச்சம்.
மொட்டைப் பாறை ஒன்று தண்ணீரில் தலைகீழாக நின்றது.
காற்று வந்தபோதெல்லாம் உடைந்து
திரும்பவும் தன்னை ஒட்டிக்கொண்டது.
பாறைக்கு மேலே வல்லூறு ஒன்று
சிறகு அடிக்காமல் வட்டம் போட்டது.
அது இறங்கும் என்று நின்றேன்.
இறங்கவில்லை.
பாறையில் உள்ளங்கையை வைத்தேன்,
சுட்ட தோசைக்கல்லாக இல்லை,
காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றிச் சூடு.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
சுனையில் கால் நனைத்தேன்,
செருப்பை அங்கேயே மறந்து
பாதி வழியில் திரும்பிப் போய் எடுத்தேன்.

வெயில் சாய்ந்து கிளம்பினேன்.
புளியமரங்களுக்கு நடுவே
வண்டி இருமியது, நின்றது.
முள் பாதியில் இருந்தது.

தள்ளினேன். ஒரு பர்லாங்கு தள்ளியிருப்பேன்.
பால்கேன் கட்டிய பைக்காரர் நிறுத்தி,
குழாய் விட்டு, தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்தார்.
எந்த ஊரும்மா?
மதுரை.
அவ்வளவு தூரத்திலிருந்தா பார்க்க வந்தீங்க, என்றார்,
கிண்டல் இல்லை முகத்தில்.
ஆமாம், என்றேன்.
காசு வாங்க மாட்டேன் என்றார்.
கொய்யா இருக்கிறது என்று சீட்டைத் தூக்கினேன்,
கடித்த கொய்யா என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மணி எட்டரை. சந்துக்குள் வந்தேன்.
ஷட்டர் பூட்டியிருந்தது,
திட்டுவதற்கு ஆள் இல்லை.
இருநூறு ரூபாயை எடுத்து
இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றினேன்.
வண்டியைக் கழுவவில்லை.