மூவாயிரத்து ஐந்நூறு

கையேட்டில் ஐயாயிரம் பவுண்டு இழுக்கும் என்றிருக்கிறது.
அது தொண்ணூற்றெட்டில்,
வண்டி இன்னும் யாருக்கும் சொந்தமாகாதபோது.
பிறகு கியர்பெட்டியை ஒருமுறை பிரித்தார்கள்.
பனிக்காலத்துச் சாலை உப்பு
அடிச்சட்டத்தை ஓரமாகத் தின்றது.
மைத்தேயின் மணவாழ்வும் அதன் முன்னிருக்கையில்தான் முடிந்தது;
அதற்குப் பவுண்டுக் கணக்கில்லை.

மல்லாந்து படுத்து, டார்ச்சைப் பல்லில் கவ்வி,
கொக்கிச் சட்டத்தைக் கம்பித் தூரிகையால் தேய்க்கிறாள்.
துரு கண்ணில் உதிர்கிறது.
அடியிலிருந்து மெல்லத் தெளிகிறது எண்:
மூவாயிரத்து ஐந்நூறு.
யாரோ பழைய சொந்தக்காரன்
மலிவாய் மாட்டியது.

ட்ரெய்லர் மட்டும் இரண்டாயிரத்து நானூறு,
தானியக் கிடங்கு எடைமேடையில் பார்த்தது.
குதிரை ஒன்று ஆயிரம்.
குதிரைகள் இரண்டு.

திரும்பக் கூட்டுகிறாள்,
இரண்டாம் தடவை கூட்டினால்
குதிரை இளைத்துவிடும் என்பதுபோல.
தண்ணீர்க் கேனை இறக்கினாள்.
உதிரிச் சக்கரத்தைத் தொட்டாள்,
விட்டுவிட்டாள்.

"இழுத்துடும், பயப்படாதே"
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து டுவெய்ன்.
இழுக்கும்தான்.
கணவாய் தாண்டி டென்ஸ்லீப் வரை
ஒரே இறக்கம்.
நிறுத்துமா, அதைச் சொல்.

விடியலில் சாம்பல் பெட்டை மட்டும் ஏறியது.
கூடவே ஒரு சேணம், ஒரு கட்டு வைக்கோல்,
அவ்வளவுதான் கொள்ளும்.

பின்கண்ணாடியில் செவலை
வேலியோடு ஓடிவந்து
மூலைக் கம்பத்தில் நின்றது.
"சாயங்காலம் வர்றேன்"
கண்ணாடியிடம் சொன்னாள்.
ட்ரெய்லருக்குள்ளிருந்தும்
வேலிக்குள்ளிருந்தும்
கனைப்பு.
இரண்டாம் கியரில்
மலை ஏறத் தொடங்கினாள்.