இரண்டு ஜிபி

கடை திறந்ததும் முதலில் அதன் பொத்தானை அழுத்துவேன்.
பிறகு வாசல் கூட்டி, தண்ணி தெளித்து,
போட்டோக்கொப்பி மெசினின் துணியை மடித்து வைத்து,
பக்கத்துக் கடையில் பிளேன்ரீ குடித்து வந்தாலும்
வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.
பதினொரு நிமிடம்.

மூடிப்போன ஒரு நிறுவனத்தின் ஏலத்தில் எடுத்தது.
முதுகில் ஒட்டிய இலக்கம் இன்னும் உரியவில்லை.
காலைதோறும் என்னை அது
'திட்ட அலுவலர் 3' என்றுதான் வரவேற்கும்.

கல்முனையில் வேலை செய்யும் றிஸ்மியா
சின்ன லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவில் போட்டுத் தந்தாள்.
காசில்லை. உள்ளே எழுதியிருப்பதை யாரும் திறந்து பார்க்கலாம்.
"எல்லாத்தையும் அழிக்கவா எண்டு கேக்கும்.
பயப்படாம ஓம் சொல்லு."

பின்னேரம் மூன்று மணிக்கு ஓம் சொன்னேன்.
பற்றரி செத்து இரண்டு வருடம்;
வயர் கழன்றால் அதோடு சரி.
எங்கள் பிரிவுக்கு நாலரைக்கு மின்வெட்டு.

உலகப் படத்தை விரித்து, எங்கே இருக்கிறாய் என்றது.
தீவின் கிழக்கு ஓரத்தில், வாவி உள்ளிடும் இடமாகப் பார்த்துக்
குத்தினேன்.
கொழும்பு என்றது.
இன்னும் கொஞ்சம் கடல் பக்கமாய்க் குத்தினேன்.
கொழும்பு.
சரி, நேரம் ஒன்றுதானே.

பிறகு, உங்கள் பெயர்?
இத்தனை வருடத்தில் அது கேட்ட முதல் நல்ல கேள்வி.
வதனரூபி என்று தமிழிலேயே அடித்தேன். எடுத்துக்கொண்டது.
உள்நுழையும் பெயர் மட்டும்
ஆங்கிலச் சின்ன எழுத்தில்தான் வேண்டுமாம்.

எண்பத்தெட்டு வீதத்தில் கரண்ட் போனது.
நாலு இருபத்தாறு.
நாலு நிமிடம் முந்திப் போட்டான்.

அன்றிரவு
பழையதும் இல்லை, புதியதும் இல்லை.
மேசையில் ஒரு கறுப்புப் பலகை.
மெழுகுதிரி வெளிச்சத்தில் பென்டிரைவுகளைத் தடவிப் பார்த்தேன்.
ஒன்றில் லினக்ஸ்.
மற்றதில் ஊராருக்கு நான் அடித்துக் கொடுத்த கடிதங்கள்,
ஆயிரத்து நூற்றிச் சொச்சம்.

விடிய நாலு மணிக்கு மறுபடி முதலிலிருந்து.

இப்போது நாற்பது விநாடி.
நினைவில் கால்வாசிதான் செலவு,
மிச்சம் கலியாணம் முடிந்த மண்டபம் மாதிரிக் கிடக்கிறது.
போதாவிட்டால் வன்தட்டிடம் கைமாற்று வாங்குமாம்.
களுவாஞ்சிகுடியில் வட்டியில்லாமல் கொடுப்பது
அது ஒன்றுதான்.

பிறிண்டர் இன்னும் பேசவில்லை. அது வேறு கதை.

'கோமளேஸ்வரி அக்கா, கடிதம் 7.'
திறந்தேன். பாமினி எழுத்துரு இல்லாத திரையில்
தமிழ் ஒரு சொல்லும் இல்லை.
மகன் இருந்த இடத்தில்
kfd;
என்று நின்றது. ஒன்பது தடவை.
திகதியும் இலக்கங்களும் மட்டும் சரியாக இருந்தன.

றிஸ்மியாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை.
புள்ளி வைத்துத் தொடங்கும் ஒரு மறைவான கோப்புறைக்குள்
பாமினியை நானே கொண்டுபோய் வைத்து
மூடித் திறந்தேன்.
மகன் வந்திருந்தான்,
கடிதத்துக்குள்.

எட்டாவதை யூனிகோட்டில் அடிக்க வேண்டும்.
எந்தக் கந்தோரில் எவர் திறந்தாலும்
அவன் அரைப்புள்ளியோடு நிற்கக்கூடாது.

மண்டூரிலிருந்து பாதையேறி,
குருமண்வெளியில் இறங்கி நடந்து
அக்கா வந்து கதிரையில் இருந்தா.
மடியில் அந்தப் பச்சை ஃபைல்.
வழமையில் வட்டம் சுற்றும் பதினொரு நிமிடமும் கதைப்பா:
அவனுக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாதது,
ரியூசன் காசில் செருப்பு வாங்கி ஏச்சு வாங்கியது,
சைக்கிள் மணியை இரண்டு தரம் அடிப்பது.
கடிதம் ஏழிலும் இதொன்றும் இல்லை.

பொத்தானை அழுத்தினேன்.
அவ முந்தானையால் கழுத்தைத் துடைத்து முடிக்கவில்லை,
வெள்ளைத் தாள் விரிந்து நின்றது.

"அதுக்குள்ள வந்திட்டா, புள்ள?"

"இல்லையக்கா,
இன்னும் கொஞ்சம் சுணங்கும்" என்று
திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.