தண்ணிக் கழிவு

மழைநாளில் பறித்த கொழுந்தைத்
தராசில் தொங்கவிட்டு
தண்ணிக்கென்று மூன்று கிலோ
கழிப்பார் கணக்கப்பிள்ளை.

மவுஸாக்கலை நீரில் மூழ்கி எழுந்து
எட்டு மாதம்.
இன்னும் ஆமென் சொல்லும்போது
கொஞ்சம் பிந்திவிடுகிறேன்.

மகன் காய்ச்சலில் பிதற்றிய இரவு
ஜெபித்தேன். பனடோலும் கொடுத்தேன்.
விடியலில் விட்டது. எதனால் என்று
பாஸ்டரிடம் கேட்கத் துணிவில்லை.
பக்கத்துக் காம்பரா ஜெசிந்தாவைக் கேட்டேன்.
"ரெண்டையும் யாரு தந்தா?" என்றாள்
அரிசி களைந்துகொண்டே.
எனக்கு அது போதவில்லை.

இன்று பதினோராம் நம்பர் மலையில்
இடுப்புப் படங்கு நனைந்து கனக்க,
நானே என்னை நிறுத்துப் பார்த்தேன்.

பயத்துக்கு இவ்வளவு கழி.
மற்றவர்கள் அழுததால் அழுத அழுகைக்கு
இவ்வளவு.
மாரியம்மன் தேர் லயத்தைக் கடக்கையில்
கை தானாய்க் குவிந்ததே,
அதற்கும் கழி.
ஜெசிந்தாவுக்குப் பதில் சொல்லத் தெரியாமல்
தலையாட்டியதற்கும்.

முள் பூச்சியத்துக்கு இறங்கவில்லை.
கூடையின் அடியில் ஏதோ கிடக்கிறது,
ஒரு கைப்பிடி இருக்கும்.
பச்சைதான்.

கர்த்தாவே,
முழுப்பேர் கேட்கவில்லை.
இன்றைக்கு
அரைப்பேராவது போடும்.
நாளைக்கும் மலைக்கு வருவேன்.