ஐந்தாவது சட்டம்

எடை கேட்டான் ஒரெஸ்ட்.
கோதுமை லாரிகளை எடைபோட்டே
இருபது வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன்;
என் எடையை யாரும் கேட்டதில்லை.
எழுபத்து மூன்று, பூட்ஸோடு, என்றேன்.
பென்சிலால் எழுதிக்கொண்டான்,
பெட்ரோலுக்குக் கீழே,
கருவிப்பெட்டிக்கு மேலே.

எடையில் எதையும் ஒளிக்கவில்லை.
ஒளித்தது வேறு.

போன ஜனவரி. சஸ்காட்செவன் முழுக்க
மைனஸ் முப்பத்தொன்று.
டிராக்டர் கொட்டகையில் விறகடுப்பு.
வலது இறக்கையைக் கதவுபோல் நிமிர்த்திவைத்து
அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.
ஒரு சாண் ஊசி
துணியைக் குத்திக்கொண்டு என்னிடம் வரும்,
முடிச்சுப் போட்டுத் திருப்பி அனுப்புவேன்.
முகம் தெரியாது.
ஊசி வந்தால் அவன் இருக்கிறான்.

சட்டத்துக்கு இருபது முடிச்சு.
ஐந்தாவது சட்டத்தில்
ரேடியோவில் ஹாக்கி கடைசி நிமிடத்துக்கு வந்தது.
கோல் விழுந்தபோது என் கையில் நூல் இருந்தது.
போட்டேன், இழுத்தேன், வழுக்கியது.
மணி பதினொன்றரை. விரல்கள் என்னுடையவையாக இல்லை.
அடுத்ததற்குப் போய்விட்டேன்.
மறுநாள் அதன் மேல் அவன் பட்டை ஒட்டினான்,
அதன் மேல் வார்னிஷ், அதன் மேல்
மனைவி மார்லிஸ் தேர்ந்தெடுத்த மஞ்சள்.

இப்போது ஜூலை.
கதவுக்கு ஒரு ஃப்ரிட்ஜின் கைப்பிடி.
மூக்கில் ஏதோ காரின் எஞ்சின்.
என் முழங்காலுக்கு நேரே ஒரு தகடு:
இது வீட்டில் கட்டிய விமானம்,
ஏறுகிறவர் தெரிந்தே ஏறுகிறார்.
தெரிந்தே, என்ற இடத்தில்
கண் இரண்டு தடவை நின்றது.

புல்தடத்தில் ஓடினோம்.
வளைவாசிகளான தரையணில்கள் சிதறின,
என் பற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஆடின.
பிறகு ஆட்டம் சட்டென்று அடங்கியது.
ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்தேன்.
கழன்றது தரை.

ஏரி என்று நினைத்தது பூத்த ஆளிவயல்.
வயல் என்று நினைத்தது தண்ணீர்.
உக்ரேனியத் தேவாலயத்தின் வெங்காயக் கூம்பு
நகத்தால் உரித்துவிடலாம் போல.
என் எடைமேடை அதோ,
ஞாயிற்றுக்கிழமை வெறுமையில், ஒரு தபால்தலை.
ஒரெஸ்ட் விரலால் காட்டிக்கொண்டே வந்தான்,
அக்காவின் வீடு, தீப்பிடித்த சேமிப்புக் கிடங்கு,
கடன்காரனின் நிலம்.
பதினோரு வருடம் கொட்டகைக்குள் இருந்தவன்
ஊரை ஒரே மூச்சில் சொன்னான்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
நுனியிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று.
மஞ்சள் துணி லேசாகத் துடித்தது.
எல்லா இடத்திலும்தான் துடித்தது;
எனக்கு அங்கே மட்டும்.

ஒரெஸ்ட், ஒரு முடிச்சு, என்றேன்.
ஹெட்ஃபோனில் என் குரலே எனக்குத் திருடியாகக் கேட்டது.
எந்தச் சட்டம்?
ஐந்தாவது. ஹாக்கி.
கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும் பேசியது.
இருபதில் பத்தொன்பது இருக்கிறது, என்றான்,
எனக்கா, தனக்கா, தெரியவில்லை.
பிறகு திரும்பினான், இடப்பக்கமாக,
விளிம்புவரை நிறைந்த பீட்ரூட் சூப்பை
விருந்தாளிக்கு எடுத்துப் போகிறவனைப் போல.

இறங்கினோம்.
பதிவேட்டில் எழுதினான்: இருபத்திரண்டு நிமிடம்,
பயணி ஒருத்தி. இன்னொரு வரிக்கு
பென்சிலை வைத்தவன், எடுத்துவிட்டான்.
கத்தியை எடுத்துவந்து
அந்த மஞ்சளை நீளமாகக் கிழித்தான்.
எது, என்றான்.

குனிந்தேன். இருபதும் வரிசையாக.
ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பினேன்,
ஒன்றுகூட வழுக்கவில்லை.
வார்னிஷ் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது,
நல்லதையும் பொய்யையும் ஒரே மாதிரி.
தெரியவில்லை, என்றேன்.

இருபதையும் அறுத்தான்.

திட்டவில்லை. கொட்டகைக்குள் போய்
நூல்கண்டோடு வந்தான்.
புல்லில் மல்லாந்து
இறக்கைக்கு அடியில் நுழைந்தான்.
பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தன.
மேலே நான், கையை நீட்டியபடி.

ஊசி வந்தது.