எண் பதினேழு, எண் பதினெட்டு

லாப்ரியா படகுத்துறையில்
மீன்காரன் தரும் பனிக்கட்டியில்தான்
என் ரத்தக் குழாய்கள் ஆய்வகத்துக்குப் போகின்றன,
தம்பாக்கி மீன்களின் செவுள்களுக்கு நடுவே.
பதினேழு, ஜெனிவால்டோ.
பதினெட்டு, அவர் மனைவி எர்மெலிந்தா.
பூரூஸ் நதியில் இரண்டு நாள் கீழே வந்தவர்கள்.

வலி போன கையில் ஊசி ஏற்றுவது
ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது.
"முடிஞ்சுதா?" என்றார்,
நான் பஞ்சை வைத்து வெகுநேரம் கழித்து.
அவள் மட்டும் ஆ என்றாள்.

வியாழக்கிழமை தாள் வந்தது.
அவருக்கு எண்கள் மூன்று மடங்கு.
குடிப்பீர்களா என்று கேட்டேன்,
எல்லோரிடமும் கேட்பதுதான்.
பாதிப்பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள்.
இவர் என்னையே பார்த்தார்.
விழி வெள்ளையில் வெயில் தங்கிவிட்டதுபோல் மஞ்சள்.
"கஷாசாவைத் தொட்டு நாலு வருஷமாச்சு."

காலி மாத்திரை அட்டைகளை
மேசையில் பரப்பினார்.
அவருடையவை ஆறு, அவளுடையவை ஆறு.
ஒரு நாள்கூடப் பிசகவில்லை.
மழைக்காலம், வெள்ளம், கொட்டை பொறுக்கும் மாதம்
எதுவும் குறுக்கே வராத ஒழுங்கு.

எர்மெலிந்தாவின் தாளைப் பிரித்தேன்.
கழுவி வைத்த தட்டுபோல் இருந்தது.
வெளியே பெஞ்சில் அவள்,
உரித்த மரவள்ளி நிறத்தில்.
உள்ளே அவர்,
மருந்து ஏறி ஏறிக் கறுத்து,
படகின் அடியில் பூசும் தார்போல.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

"சந்தையில உட்கார்ந்து மாவு விக்கிறவ.
முகம் கறுத்தா யார் வாங்குவா?
நர்ஸம்மா அட்டையை எண்ணுவாங்க."

ஆற்றில் போட்டிருக்கலாமே என்றேன்.

"மீன் தின்னுடுமே."

கல் பாதி, ஈரம் பாதி
சேர்த்துப் பேர் வைத்த உறுப்பு.
இருவருக்கான மருந்தை
ஒற்றை ஆளாய் வடிகட்டியிருக்கிறது
ஆறு மாதம்,
ஒரு முனகலும் இல்லாமல்.

படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்.
இரண்டு விரல் அகலம்.
பேனாவை மூடி வைத்தேன்.

"உங்கள் மனைவிக்கு ஊசி வலித்தது" என்றேன்.
"அந்தக் கை இன்னும் உயிரோடிருக்கிறது.
மருந்து உங்களுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தால்
அடுத்த மழைக்கு அது வலிக்காது."

அப்போதுதான்
ஜெனிவால்டோ ஜன்னலைப் பார்த்தார்.